ஃபிளவர்ஹார்னுக்குப் போரடிக்கிறது: பந்துக்கு முன்னால் மணல் போடுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் ஒன்றரை வருடமாக ஒரு ஃபிளவர்ஹார்ன் வளர்க்கிறோம். ராஜா என்று பெயர். 3 அடி தொட்டி, அடியில் எதுவும் போடவில்லை. மண் போட்டால் அழுக்கு சேரும், கல் போட்டால் முழுங்கிவிடும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நாளாக ஒரு பக்கக் கண்ணாடியை ஒட்டியே மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருக்கிறான். சாப்பாடெல்லாம் நன்றாகத்தான் எடுக்கிறான். ஆறாவது படிக்கும் என் மகன், ராஜாவுக்குப் போரடிக்குது, பந்து வாங்கிப் போடலாம் என்கிறான். மீனுக்குப் போரடிக்குமா டாக்டர்? சிலர் முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டச் சொல்கிறார்கள், சிலர் துணைக்கு இன்னொரு மீன் விடச் சொல்கிறார்கள். மகள் மேசையில் ஒரு சின்ன ஜாடியில் ஃபைட்டர் மீனும் இருக்கிறது. அதற்கும் ஏதாவது செய்ய வேண்டுமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்:

உங்கள் மகன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். அவனிடம் சொல்லிவிடுங்கள். என்னிடம் வரும் ஃபிளவர்ஹார்ன் கேள்விகளில் பாதிக்கு மேல் தீனி பற்றியும் மண்டை (நெற்றியில் புடைக்கும் மேடு) பெரிதாவது பற்றியும்தான் இருக்கும், மீன் நாள் முழுக்க என்ன செய்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. நீங்கள் கேட்டதில் சந்தோஷம்.

ஆனால் பந்து, மணல் எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீரைப் பார்த்துவிட வேண்டும். கண்ணாடியை ஒட்டி ஏறி இறங்குவது சும்மா இருப்பதால் மட்டும் வருவதில்லை, தண்ணீர் கெட்டாலும் மீன் இதையேதான் செய்யும். மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் காட்டும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும், நைட்ரேட் 40 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) இருந்தால் நல்லது. தொட்டித் தண்ணீரோடு உங்கள் குழாய்த் தண்ணீரையும் தனியாகச் சோதியுங்கள், ஏனென்றால் போர் தண்ணீரில் நைட்ரேட் முதலிலேயே அதிகமாக இருந்தால் எத்தனை தடவை தண்ணீர் மாற்றினாலும் அது இறங்காது. காவிரித் தண்ணீர் என்றால் அதில் குளோரின் இருக்கும், ஆன்டி குளோரின் விடாமல் ஊற்றக் கூடாது, ஃபில்டர் பஞ்சையும் அந்தக் குழாய்த் தண்ணீரில் அலசக் கூடாது, தொட்டியிலிருந்து எடுத்த வாளித் தண்ணீரிலேயே அலசுங்கள். பஞ்சில் இருக்கும் நல்ல பாக்டீரியா செத்துப்போனால் அடுத்த சில நாளில் அம்மோனியா ஏறும். அப்புறம் மீனின் கழிவைப் பாருங்கள். வெள்ளையாக நூல் மாதிரி தொங்கினாலோ தலையில் சின்னச் சின்னக் குழி தெரிந்தாலோ இந்தப் பதிலைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் வைத்தியம் பாருங்கள்.

தண்ணீரில் குறையில்லை, நோயும் இல்லை என்றால், சரி, தொட்டி காலியாக இருப்பதுதான் காரணம்.

ஃபிளவர்ஹார்ன் எந்த ஆற்றிலும் பிறந்த மீன் இல்லை. 1990-களில் மலேசியாவில் சிக்லிட் என்ற குடும்பத்தைச் சேர்ந்த மத்திய அமெரிக்க மீன்களைக் கலந்து உருவாக்கியது. கலந்தவற்றில் நிகராகுவா ஏரிகளைச் சேர்ந்த ரெட் டெவில் வகையும் உண்டு. அந்த மீன்களுக்குப் பாறை இடுக்கில் வாயை விட்டுத் துழாவுவதும், மணலை வாய் நிறைய அள்ளிச் சலித்துத் துப்புவதும், குழி தோண்டுவதும், கல்லைத் தள்ளுவதும், தன் இடத்துக்கு வருபவனை விரட்டுவதும்தான் நாள் முழுக்க வேலை. வளர்ப்பவர்கள் மண்டைக்காகவும் நிறத்துக்காகவும் முத்துப் புள்ளிக்காகவும் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கினார்கள், அந்த வாயின் பழக்கத்தை யாரும் எடுத்துவிடவில்லை. உங்கள் ராஜாவுக்கு நாளின் மொத்த வேலையும் நீங்கள் பெல்லட் (உருண்டைத் தீனி) போட்ட ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, மிச்ச நேரத்துக்கு அவனுக்கு இருப்பது நாலு கண்ணாடிச் சுவர்தான்.

அதனால்தான் பந்துக்கு முன்னால் மணல் என்கிறேன். மீனுக்கு விளையாட்டுச் சாமான் வாங்குவதைவிட வாய்க்கு வேலை கொடுப்பது முக்கியம்.

கடைக்காரர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. பட்டாணி அளவுக் கல் ஆபத்துதான், வாய்க்குள் போய் மாட்டிக்கொள்ளும், சில சமயம் முழுங்கியும் விடும். ஆனால் பொடி மணல் அப்படிச் செய்யாது, வாயில் எடுத்தது செவுள் வழியாகவும் வாய் வழியாகவும் வெளியே வந்துவிடும். எனவே ஒன்று பொடி மணல், இல்லையென்றால் மீனின் தலையைவிடப் பெரிய கல், நடுவில் இருக்கும் எந்த அளவும் வேண்டாம். சலித்த ஆற்று மணல் நல்லது. எம்-சாண்ட் போடாதீர்கள், அது உடைத்த கல், முனை கூராக இருக்கும், தூசியும் அடங்காது. உங்கள் தொட்டி வழக்கமான 36க்கு 15 அங்குலம் என்றால் ஒன்றரை அங்குல உயரத்துக்குச் சுமார் 20 கிலோ ஆகும். வாளியில் போட்டுக் கை விட்டுக் கலக்கிக் கலக்கி, மேலே நிற்கும் தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவுங்கள். கை ஓய்ந்துவிடும், ஆனாலும் இதில் அவசரப்பட்டால் தொட்டி ஒரு வாரத்துக்குக் கலங்கலாகவே நிற்கும். ஃபில்டர் உறிஞ்சும் வாயில் ஒரு பஞ்சு மாட்டிவிடுங்கள், இல்லையென்றால் மணல் போய் மோட்டாரைத் தின்றுவிடும்.

பெரிய கல் வைப்பதானால் மணலுக்கு மேல் வைக்காதீர்கள். முதலில் கல்லை அடிக் கண்ணாடியில் உட்கார வைத்துவிட்டு (கீழே ஒரு மெல்லிய தெர்மாகோல் துண்டு இருக்கட்டும்) அதைச் சுற்றி மணலைக் கொட்டுங்கள். மணல்மேல் வைத்த கல்லுக்கு அடியில் இந்த மீன் தோண்டும், கல் சாயும், கண்ணாடி விரிசல் விடும். இதை நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஃபிளவர்ஹார்ன் தோண்டும் வேகம் அப்படி. ஹீட்டர் வைத்திருந்தால் அதற்கும் ஒரு பிளாஸ்டிக் கூடு போட்டுவிடுங்கள்.

முதல் நாள் ராஜா நிறம் வெளுத்து ஒரு மூலையில் நிற்கலாம், சாப்பிடாமலும் இருக்கலாம். விட்டுவிடுங்கள். ஒன்றிரண்டு நாளில் தலையைக் கீழே சாய்த்து மணலை ஒரு வாய் எடுப்பான், மென்று பார்ப்பதுபோலத் தாடை அசையும், செவுள் மூடிக்கு அடியிலிருந்து மெல்லிய புகைபோல மணல் கொட்டும், கொஞ்சம் நகர்ந்து மிச்சத்தைத் துப்புவான். மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு மூலையில் கண்ணாடி தெரியுமளவுக்குக் குழி இருக்கும், எடுத்த மணல் எல்லாம் எதிர் மூலையில் மேடாகக் கிடக்கும். தயவுசெய்து அந்தக் குழியை வாராவாரம் சமப்படுத்தாதீர்கள். அது அவன் பார்த்துப் பார்த்துச் செய்த இடம், தண்ணீர் மாற்றும்போது அதை மூடிவிட்டால் திரும்பவும் தோண்டுவான், ஆனால் ஒவ்வொரு வாரமும் தன் இடம் கலைந்துபோனால் எந்த மீனும் நிம்மதியாக இருக்காது. அழுக்கு பற்றிய பயமும் வேண்டாம், பொடி மணலில் கழிவு உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும், சைஃபன் குழாயை மணலுக்கு ஒரு விரல் மேலே பிடித்தால் அழுக்கு மட்டும் ஏறிவிடும்.

மணலோடு ஒளிந்துகொள்ள ஓர் இடமும் வேண்டும். வாய் அகலமான மண் தொட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்தாலே போதும், வர்ணம் பூசாததாகப் பாருங்கள். 6 அங்குல பிவிசி குழாய்த் துண்டும் ஆகும், வெட்டிய விளிம்பை உப்புத்தாள் வைத்து தேய்த்துவிடுங்கள். இவ்வளவு முரட்டு மீனுக்கு ஒளிய இடம் எதற்கு என்று கேட்பார்கள். போக ஓர் இடம் இருந்தால்தான் வெளியே தைரியமாக உலவும்.

அடுத்தது உங்கள் ஹால் விளக்கு. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. இரவில் ஹால் விளக்கை அணைத்துவிட்டுத் தொட்டி விளக்கை மட்டும் எரியவிட்டால் உள்ளேயிருந்து பார்க்கும் மீனுக்குக் கண்ணாடி முழுக்கத் தன் பிம்பம்தான் தெரியும். ராஜா ஏறி இறங்குவது எப்போதும் அதே பக்கம், அதுவும் ராத்திரியில்தான் அதிகம் என்றால் பெரும்பாலும் தன்னோடு தானே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். அந்தப் பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் வெளியிலிருந்து கறுப்புச் சார்ட் ஒட்டுங்கள், இரண்டு விளக்கையும் ஒன்றாக அணையுங்கள். நாளுக்கு 8 முதல் 10 மணி நேர வெளிச்சம் போதும், மீனுக்கும் இருட்டு வேண்டும்.

முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டாம் என்பதற்கும் இதுவேதான் காரணம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2010-ல் ஆப்பிரிக்க சிக்லிட் ஆண் மீன்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நிஜ எதிரியைப் பார்த்த மீனும் கண்ணாடியைப் பார்த்த மீனும் வெளியே ஒரே மாதிரிதான் சண்டை போட்டன, ஆனால் கண்ணாடியோடு மோதிய மீன்களின் மூளையில் பயத்தோடு தொடர்புள்ள பகுதி கூடுதலாக வேலை செய்திருந்தது. நிஜ எதிரி ஒரு கட்டத்தில் பின்வாங்குவான், இல்லையென்றால் ஜெயித்துவிடுவான். கண்ணாடியில் இருப்பவன் இரண்டும் செய்ய மாட்டான். மண்டை ஏறும், நிறம் கூடும் என்று தினமும் மணிக்கணக்கில் கண்ணாடி வைப்பவர்களை எனக்குத் தெரியும், அதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

விரலைக் கண்டதும் பாய்ந்து வருவதையும் பலர் மீன் விளையாடுகிறது என்று நினைத்து வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். செவுள் விரிந்து, நிறம் கருத்து, விரல் போகும் இடமெல்லாம் விடாமல் முட்டினால் அது விளையாட்டு இல்லை, தன் இடத்துக்குக் காவல். வீட்டுக்கு வருகிறவர் ஒவ்வொருவரும் அப்படிச் சீண்டினால் அந்த மீனுக்கு ஓய்வே இல்லை. கண்ணாடியைத் தட்டவும் கூடாது, மீனின் உடம்பு நெடுகத் தண்ணீரின் அதிர்வை உணரும் கோடு ஓடுகிறது, நமக்கு லேசாகக் கேட்பது அதற்கு உடம்பு முழுக்கத் தெரியும்.

சரி, உங்கள் மகன் கேட்ட பந்து. போடலாம், மணல் போட்டு மீன் பழகிய பிறகு. மீன் விளையாடுமா என்று அவன் நண்பர்கள் யாராவது கேட்டால் இதைச் சொல்லச் சொல்லுங்கள்: விலங்குகளின் விளையாட்டைப் பல வருடம் ஆராய்ந்த டென்னசி பல்கலைக்கழகத்தின் கோர்டன் பர்க்ஹார்ட்டும் அவருடைய சகாக்களும் 2015-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டாங்கனிக்கா ஏரியைச் சேர்ந்த மூன்று ஆண் சிக்லிட் மீன்கள், தனித்தனியாக இருக்கும்போது, தொட்டியில் இருந்த ஒரு தெர்மாமீட்டரைத் திரும்பத் திரும்ப முட்டின. அடியில் கனம் வைத்த தெர்மாமீட்டர், முட்டினால் சாயும், உடனே தானாக நிமிர்ந்துகொள்ளும். 1,400 தடவைக்கு மேல் முட்டியதைப் பதிவு செய்தார்கள். பக்கத்தில் தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கண்ணில் படுமாறு வேறு மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முட்டுவதில் வித்தியாசம் இல்லை. பசியும் இல்லை, எதிரியும் இல்லை, முட்டினால் திரும்பி வருகிறது என்பதே அந்த மீன்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

அதனால் நீங்களும் திரும்பி வரும் பொருளாகச் செய்யுங்கள். வர்ணமில்லாத டேபிள் டென்னிஸ் பந்தில் சின்ன ஓட்டை போட்டு, கொஞ்சம் மணல் உள்ளே விட்டு, தொட்டி ஒட்டும் சிலிக்கானால் அடைத்து இரண்டு நாள் காயவிடுங்கள். பாதி மூழ்கி மிதக்கும், முட்டினால் உருண்டு மறுபடி நிமிரும். தீனி போட்டு ஒரு மணி நேரம் கழித்து விடுங்கள், அரை மணியில் எடுத்துவிடுங்கள், தினமும் வேண்டாம். எப்போதும் மிதந்துகொண்டே இருந்தால் அதுவும் சுவர் மாதிரி ஆகிவிடும். முட்டிவிட்டு, விலகிப் போய் மணலில் ஏதாவது செய்துவிட்டு, திரும்பவும் தானாக வந்து முட்டினால் நல்ல அடையாளம். விடாமல் மோதிக்கொண்டே மூச்சு வாங்கினால் பந்தை எடுத்துவிடுங்கள், அந்த மீனுக்கு அது ஒத்துவரவில்லை. விரிசல் விட்ட பந்தைத் திரும்பப் போடக் கூடாது.

தீனி விஷயத்தில் அளவைக் கூட்டாதீர்கள், முறையை மாற்றுங்கள். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கொட்டுவதை விட்டுவிட்டு அதே அளவைப் பிரித்து ஒரு நாள் மூழ்கும் பெல்லட்டை மணலில் தூவுங்கள், ஒரு நாள் உரித்த இறால் துண்டை இரண்டு கல்லுக்கு நடுவில் செருகி வையுங்கள், வேகவைத்துத் தோல் நீக்கிய பட்டாணி கொடுத்துப் பாருங்கள், இறாலைப் பொடியாக நறுக்கிச் சின்ன ஐஸ் கட்டியாக உறையவைத்துப் போட்டால் அது கரையக் கரையத் துரத்தித் தின்னும். உரமும் மருந்தும் அடிக்காத மண்ணில் எடுத்த மண்புழு கிடைத்தால் அதற்கு ஈடே இல்லை. உயிருள்ள கப்பி மீன்களை வாங்கிப் போடாதீர்கள், வேட்டையாடட்டும் என்ற எண்ணம் புரிகிறது, ஆனால் நோயையும் ஒட்டுண்ணியையும் காசு கொடுத்து வாங்கியதாகிவிடும், அந்தக் கப்பிக்கும் தப்பிக்க இடமில்லை. தேடாமல் விட்ட தீனியை ராத்திரிக்குள் எடுத்துவிடுங்கள்.

உங்கள் மகனுக்கு இன்னொரு வேலை இருக்கிறது, எனக்கு இதில்தான் ரொம்ப ஆசை. ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குச்சியின் நுனியில் சிவப்பு மூடி ஒன்றை மாட்டிக்கொள்ளட்டும். குச்சியைத் தண்ணீரில் விட்டு, ராஜா மூடியைத் தொட்ட உடனே, தாமதிக்காமல், ஒரே ஒரு பெல்லட். கொஞ்ச நாளில் சிவப்பைக் கண்டால் வரும், அப்புறம் குச்சி போகும் வழியில் வரும், அப்புறம் ஒரு வளையத்துக்குள் புகுந்து வரும். முட்டித் தள்ளினால் பெல்லட் இல்லை, குச்சியை எடுத்துவிட வேண்டும், இது மட்டும் கண்டிப்பு. இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மீனுக்கு மூன்று விநாடிதான் ஞாபகம் என்பதெல்லாம் கட்டுக்கதை. ஆஸ்திரேலிய ஆய்வாளர் கலம் பிரவுன் ரெயின்போ மீன்களுக்கு வலையிலிருந்து ஓட்டை வழியாகத் தப்பிக்கக் கற்றுக்கொடுத்தார், 11 மாதம் கழித்தும் அவை அந்த வழியை மறக்கவில்லை. குச்சிக்குப் பழகிய மீனால் உங்களுக்கும் லாபம் உண்டு: தண்ணீர் மாற்றும்போது ஒரு மூலையில் நிறுத்தி வைக்கலாம், இரண்டு பக்கமும் திருப்பிப் புண் இருக்கிறதா என்று பார்க்கலாம், தொட்டி மாற்றும்போது வலை போட்டுத் துரத்தாமல் டப்பாவுக்குள் வரவழைக்கலாம்.

துணை வேண்டாம். 3 அடித் தொட்டியில் இன்னொரு மீனை விட்டால் ஒன்று செத்துப்போகும். நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்தால் முகம் பார்க்கும் கண்ணாடி கதைதான். கூட்டமாக வாழும் டெட்ரா, ஜீப்ரா, லோச் மாதிரி மீன்களுக்குத் தன் இனத்தில் ஆறேழு பேர் இல்லாமல் முடியாது, ஃபிளவர்ஹார்ன் தனியாக இருக்கும் மீன். அதற்கு ஏதாவது வாங்குவதானால் பெரிய தொட்டி வாங்குங்கள். முழுதாக வளர்ந்தால் ஓர் அடி வரை வரும் மீன், 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், அதாவது 250 லிட்டர் சொச்சம் இருந்தால்தான் நிம்மதியாகத் திரும்ப முடியும். இன்றைக்கே முடியாவிட்டாலும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மகளின் ஃபைட்டரை முதலில் ஜாடியிலிருந்து எடுங்கள். அதனால் மேலே வந்து காற்றைக் குடிக்க முடியும் என்பதால் சின்ன ஜாடியில் சாகாமல் இருக்கிறது, அவ்வளவுதான். தாய்லாந்தின் நெல் வயல்களிலும் செடி அடர்ந்த குட்டைகளிலும் இலைக்கு இலை தாவி வாழ்ந்த இனம். 15 அல்லது 20 லிட்டர் தொட்டி, மூடி கட்டாயம் (குதிக்கும்), வேகமில்லாத பஞ்சு ஃபில்டர், மேலே மிதக்கும் கொஞ்சம் செடி, மேல்மட்டத்துக்குப் பக்கத்தில் சாய்ந்து படுக்க ஓர் அகலமான இலை. காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றைக் கழுவிப் போடுங்கள், அதற்கு அடியில் நுழைந்து நுழைந்து வரும், ஆணாக இருந்தால் இலை ஓரத்தில் நுரைக்கூடு கட்டவும் கூடும். கொசுப்புழுவை ஒன்றிரண்டாக விட்டால் அது வேட்டையாடுவதை உங்கள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், சுத்தமான வாளித் தண்ணீரில் பிடித்த புழுவாக இருக்க வேண்டும், சாக்கடையில் எடுத்தது வேண்டாம். ஃபைட்டருக்கு முகம் பார்க்கும் கண்ணாடியை எப்போதாவது ஒரு நிமிடம் காட்டினால் பரவாயில்லை, அதற்கு மேல் வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடாதீர்கள். இந்த வாரம் சோதனையும் கறுப்புச் சார்ட்டும், அடுத்த வாரம் மணலும் மண் தொட்டியும், அது பழகிய பிறகு தீனி, குச்சி, கடைசியில் பந்து. அப்போதுதான் எது பலன் கொடுத்தது என்று உங்களுக்கே தெரியும். மணல் போட்டு மூன்று வாரம் ஆன பிறகும் ஏறி இறங்குவது குறையவில்லை என்றால் டெஸ்ட் கிட் காட்டிய அளவுகளோடு ஒரு வீடியோவும் அனுப்புங்கள். போனை எதிரில் சாய்த்து வைத்துவிட்டு எல்லோரும் அறையை விட்டு வெளியே போய்விடுங்கள், நீங்கள் எதிரில் நின்றால் ராஜா உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான், அந்த வீடியோவில் எனக்கு எதுவும் தெரியாது.